கியர் முக்கியமா, கேரியர் முக்கியமா? தினமும் சைக்கிள் மிதிக்கிறவங்க சொல்லுங்க

காவிரிக்கரை (ஸ்ரீரங்கம்)

அக்கா மகன் இந்த வருஷம் காலேஜ் சேர்ந்திருக்கான். ஸ்ரீரங்கத்துல இருந்து காவிரிப் பாலம் தாண்டி சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தினமும் போய்ட்டு வரணும். சைக்கிள் வாங்கலாம்னு ஒரு ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன். நுழைஞ்சதுமே விற்பனைப் பையன் 21 கியர், முன்னாடி ஷாக், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக்குன்னு ஒரு வண்டியை இழுத்து நடுவுல நிறுத்திட்டான். மருமகன் கண்ணு அதுலயே ஒட்டிக்கிச்சு.

மட்கார்டு எங்கன்னு கேட்டேன். "அது தனி சார்." கேரியர்? "அதுவும் தனி." பெல்லு கூடத் தனியாம். புத்தகப் பையை எங்கப்பா வைக்கிறதுன்னா, "முதுகுல மாட்டிக்குவாங்க சார்"னு பதிலைத் தயாரா வச்சிருக்கான். திருச்சி வெயில்ல முதுகுல பையோட மிதிச்சா, முதல் பீரியடுக்குள்ள சட்டையைப் பிழிஞ்சு கொடியில போடலாம்.

பார்த்துட்டு வர்றோம்னு கிளம்பி, எங்க தெருமுனை பஞ்சர் கடைப் பெரியவர்கிட்ட வந்து நின்னோம். எந்தக் கம்பெனி, என்ன விலைன்னு அவர் ஒரு வார்த்தை பேசல. "எவ்வளவு தூரம்? என்ன ஏத்துவான்? ராத்திரி வண்டி எங்க நிக்கும்?" மூணாவது கேள்வி எதுக்குன்னு எனக்குப் புரியல. மாடிக்குத் தூக்கணும்னா எடையைப் பார்க்கணும், வாசல்ல நிக்கும்னா மழைக்கும் திருடனுக்கும் சேர்த்துப் பார்க்கணும்னார். விலை குறைஞ்ச ஷாக் ஃபோர்க் மட்டுமே ரெண்டு கிலோவுக்கு மேல வருமாம். "பள்ளத்துல அமுங்குதோ இல்லியோ, எழுந்து நின்னு மிதிச்சா நல்லா அமுங்கும். பையன் போடற பலத்துல பாதி அதுக்கே போயிடும்"னு மருமகனைப் பார்த்துச் சொன்னார். பையன் முகம் சுருங்கிடுச்சு.

தினமும் ஓட்டறவங்க உங்க அனுபவத்தைப் போடுங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஹெல்மெட் போட்டு மகாபலிபுரம் போற கோஷ்டி கோவிச்சுக்காதீங்க, உங்க கணக்கு வேற.

ரிப்பேர்க்கடை (கும்பகோணம்)

அந்தப் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. கியர் வேணுமான்னு யார் வந்து கேட்டாலும் நான் முதல்ல பின் சக்கரத்தைத்தான் காட்டுவேன். சாதா சைக்கிள்ல பெரும்பாலும் முன்னாடி 44 பல்லு, பின் சக்கரத்துல செயின் மாட்டற பல் சக்கரம், அதாவது ஃப்ரீவீல், 18 பல்லு. பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ரெண்டரைச் சுத்துக்குக் கொஞ்சம் கம்மியாச் சுத்தும். பாலம் ஏற மூச்சு வாங்குதுன்னா 18-ஐக் கழட்டிட்டு 20 போடுங்க. சுமை ஏத்தறவங்கன்னா 22, அதுல பெடல் ஒரு சுத்துக்குச் சக்கரம் ரெண்டே சுத்து. வேகம் குறையும், முட்டி பிழைக்கும்.

கொடிக்கால்ல இருந்து வெத்தலைக் கட்டு ஏத்திட்டு வர்ற பெரியவர் ஒருத்தர், ஏத்தத்துல இறங்கித் தள்ள வேண்டியிருக்குன்னு வந்தார். 22 போட்டுக் குடுத்தேன். நாலஞ்சு நாள் கழிச்சு வந்து, "ஏத்தத்துக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி, காலி வண்டியா வீட்டுக்குத் திரும்பறப்ப காலு பேய் மாதிரி சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது"ன்னார். பஞ்சாயத்து 20-ல முடிஞ்சுது. இப்பவும் அதுலதான் ஓட்டறார். சமவெளியில ஓட்டறவங்களுக்கு இதுவே போதும். ஊட்டி, கொடைக்கானல் ஆளுங்கன்னா கியர் வாங்குங்க, அது அங்க அவசியம்.

இன்னொண்ணு, டயர். "26 டயர் ஒண்ணு குடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. எந்த 26? லேடீஸ் சைக்கிள்ல வர்ற 26 x 1 3/8 வேற, மலை சைக்கிள்ல வர்ற 26 x 1.95 வேற. ரிம்முல உக்கார்ற இடத்துல ரெண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம், ஒண்ணுக்கு ஒண்ணு சேரவே சேராது. டயர் ஓரத்துல பொடி எழுத்துல 37-590, 50-559-னு போட்டிருக்கும். அந்தக் கடைசி மூணு இலக்கத்தை செல்போன்ல படம் எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. பழைய பெரிய சைக்கிளோட 28 x 1 1/2-க்கு அது 635. 700சி-ன்னு சொல்றதுக்கும் 29-ன்னு சொல்றதுக்கும் 622, பேருதான் வேற.

முள்ளுக்காடு (ராமநாதபுரம்)

டயரைப் பத்தி எங்க மாவட்டத்துல கேளுங்க. ரோட்டோரம் பூராவும் சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டிப் போட்டு அள்ளின இடத்துல சில்லு சில்லா முள்ளு கிடக்கும். பஞ்சர் ஒட்டறதை விட முள்ளைத் தேடறதுதான் இங்க வேலை.

எங்க ஊர் பஞ்சர் கடை அண்ணன் எப்படிச் செய்வார்னா, டியூபை உருவினதும் காத்தடிச்சு தண்ணிச் சட்டியில முக்குவார். குமிழி வர்ற இடத்துல குறி போட்டுட்டு, டியூபை டயர் மேல அதே வாக்குல வச்சுப் பார்ப்பார். வால்வு எங்க இருந்துச்சோ அங்க வச்சா, ஓட்டைக்கு நேரா டயர்ல முள்ளு இருக்கணும். அப்புறம் டயர் உள்பக்கமா ஒரு பஞ்சை வச்சு மெதுவாத் தடவிட்டே வருவார். கண்ணுக்குத் தெரியாத முனை பஞ்சை இழுத்துப் பிடிக்கும். கருவேல முள்ளு வெளிப்பக்கம் ஒடிஞ்சு போயிருக்கும், உள்ள நுனி மட்டும் நிக்கும். அதை எடுக்காம மாட்டினா பத்தடி தள்ளி மறுபடி பஞ்சர். வெளியூர்க்காரங்க நிறையப் பேர் இங்க வந்து, "ஒட்டினது சரியில்ல"ன்னு கடைக்காரரோட சண்டை போடறது இதனாலதான்.

பழைய டியூபை நீளவாக்குல வெட்டி டயருக்கும் புது டியூபுக்கும் நடுவுல லைனிங்கா போட்டு ஓட்டறோம். வண்டி கொஞ்சம் கனக்கும், ஆனா தள்ளிட்டு வர்றது குறையும். காத்து கம்மியா வச்சா முள்ளு குத்தாதுன்னு சில பேர் சொல்றாங்க, அது சும்மா. கம்மியா இருந்தா பள்ளத்துல ரிம்மு டியூபைக் கடிச்சு, பாம்பு கடிச்ச மாதிரி ரெட்டை ஓட்டை விழும்.

ராத்திரி நிறுத்தின வண்டி காலையில காத்து இறங்கி நின்னா உடனே டியூபைக் கழட்டாதீங்க. வால்வு வாயில எச்சில் தொட்டு வைங்க. குமிழி வந்தா உள்ள இருக்கிற வால்வு டியூப் நைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அந்தச் சின்ன ரப்பரை மாத்தினா வேலை முடிஞ்சுது.

டீச்சரம்மா (புதுக்கோட்டை)

சைக்கிள் பேச்சுன்னா எங்க ஊரைக் கேக்காம விடலாமா? 1991, 92-ல அறிவொளி இயக்கம் நடந்தப்ப ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுதப் படிக்கக் கத்துக்கிட்டதோட சைக்கிளும் கத்துக்கிட்ட பெண்கள் ஆயிரக்கணக்குல. நான் அப்ப அறிவொளித் தொண்டர். கடையில லேடீஸ் சைக்கிள் இருப்பு இல்லாம ஜென்ட்ஸ் வண்டியிலயே பழகினவங்க நிறைய. பார் வச்சதுதான் தோது, முன்னாடி பிள்ளையை உக்கார வைக்கலாம்னு சொல்லி அதையே வச்சுக்கிட்டவங்களும் உண்டு. அதனால "இது பொம்பளை வண்டி"ன்னு கடைக்காரர் ஒண்ணைத் தள்ளிட்டு வந்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

அதை விட எரிச்சல், பெண் பிள்ளைங்கன்னா சீட்டைத் தரையோட தரையா இறக்கிக் குடுக்கிறது. உக்கார்ந்தபடியே ரெண்டு காலும் ஊணணுமாம். அப்படி முட்டி மடங்கி மடங்கி மிதிச்சா வலிக்காம என்ன செய்யும்? எங்க பள்ளிக்கூடத்துல 11-ம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு அரசு சைக்கிள் வந்ததும் மைதானத்துல வரிசையா நிறுத்தி, ஸ்பானரோட நானே இறங்கிடுவேன். சீட்ல உக்கார்ந்து குதிகாலைப் பெடல்ல வைக்கணும். பெடல் கீழ இருக்கறப்ப கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்தால மிதிச்சா முட்டி லேசா மடங்கும், அதுதான் அளவு.

ஒரு பிள்ளை, "விழுந்துடுவேன் டீச்சர்"னு அழுகையே வந்துடுச்சு. சரின்னு ரெண்டு விரக்கடை இறக்கி வச்சோம். அப்பப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினோம். அரைப் பரீட்சைக்குள்ள சரியான உயரத்துக்கு வந்துட்டா, இப்ப அவதான் மத்த பிள்ளைங்களுக்கு ஏத்தி விடறா. சீட் கம்பியில ஒரு கோடு இருக்கும், அது வெளியில தெரியற அளவுக்கு மட்டும் ஏத்தாதீங்க. கம்பி ஒடிஞ்சுடும்.

சேலை, துப்பட்டாவுக்கு: பின் சக்கரத்துக்கு வலைக் கார்டு, செயினுக்கு முழுக் கவர். ரெண்டும் இல்லாத வண்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம்.

உப்புக்காத்து (திருவான்மியூர்)

கடற்கரையில இருக்கிறவங்க கவனத்துக்கு. வாசல்ல விட்டா ஸ்போக்ஸ் கம்பியும் நட்டும் முதல்ல துருப்பிடிக்கும். ஈரத்துணியால துடைச்சு, காய விட்டு, எண்ணெய்த் துணி ஒரு இழுப்பு. தேங்காய் எண்ணெய் செயினுக்கு வேண்டாம், பிசுக்காகி மண்ணைச் சேர்த்து வச்சுக்கும். தையல் மெஷின் எண்ணெய் தேவலை, ஆனா மழை பெய்ஞ்சா போயிடும், திரும்பப் போடணும். போட்டதும் மேலாப்புல துடைச்சுடுங்க, செயினுக்கு எண்ணெய் வேண்டியது உள்ள இருக்கிற பின்னுலதான்.

பளபளன்னு இருக்கிற இரும்பு ரிம் மழையில பிரேக் பிடிக்காது. நம்ம தெரு ஆள் ஒருத்தர் மழையில பிரேக்கை அமுக்கினபடியே நேரா கறிகாய் வண்டியில போய் நின்னார். யாருக்கும் அடியில்ல, தக்காளிக்குத்தான் சேதாரம். அலுமினிய ரிம் ஈரத்துல எவ்வளவோ மேல். இரும்பு ரிம் வச்சிருக்கிறவங்க மழையில முன்கூட்டியே லேசாப் பிடிச்சு ரிம்முல இருக்கிற தண்ணியை வழிச்சுக்கங்க.

நல்லூரான் (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்தாலயும் ஒண்டு சொல்லுறன். தொண்ணூறுகளிலை யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. கார்கள் மண்ணெண்ணெயிலை ஓடினது, ஸ்ராட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல். மிச்சச் சனம் முழுக்கச் சைக்கிள்தான். பள்ளிக்கூடம், ஆசுப்பத்திரி, கலியாணவீடு, இடம்பெயர்வு எல்லாம் அதிலதான். பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவிலை வாற கரண்டிலை றேடியோவிலை செய்தி கேட்டிருக்கிறம். சுத்துறவர் களைச்சால் செய்தியும் நிண்டிடும். அதனாலை தலைப்புச் செய்தி முடியுமட்டும் எங்கட சித்தப்பா ஆளை மாத்த விடமாட்டார்.

அந்த 6 வோல்ற் டைனமோவை இப்ப ஒருத்தரும் மதிக்கிறேல்லை. சார்ஜ் பண்ணுற லைற் நல்லதுதான், ஆனால் சார்ஜ் போட மறந்தால் இருட்டு. டைனமோவிலை நிண்டால் லைற் நிண்டிடும், ரயரிலை உரசிறதாலை மிதி கொஞ்சம் இறுகும். நான் முன்னுக்கு டைனமோ, பின்னுக்குச் சார்ஜ் பண்ணுற சிவப்பு லைற் எண்டு ரெண்டையும் வைச்சிருக்கிறன்.

2022-ல எரிபொருள் இல்லாமல் வரிசையிலை நிண்ட காலம், கொட்டிலிலை கிடந்த சைக்கிளெல்லாம் வெளியிலை வந்தது. என்ர லுமாலாச் சைக்கிளும்தான். சைக்கிள் விலையும் எங்கயோ போட்டுது. ஆனால் வருசக்கணக்காக் காத்தில்லாமல் நிண்ட ரயர் பக்கவாட்டிலை வெடிச்சுப் போகும், புது ரயரோ கிடைக்கிறது பெரும் பாடு. ஓடாட்டியும் காத்தடிச்சு வையுங்கோ, இல்லாட்டிச் சக்கரம் நிலத்திலை படாமல் தூக்கிக் கட்டுங்கோ.

ஐந்தோவன்வாசி (நெதர்லாந்து)

வேலைக்காக இங்க வந்தப்ப நானும் மெலிசான, வேகமான வண்டிதான் எல்லாரும் வச்சிருப்பாங்கன்னு எதிர்பார்த்தேன். ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறது பூரா நம்ம ஊர்ப் பெரிய சைக்கிளோட சொந்தக்காரங்கதான். நிமிர்ந்து உக்கார்ற ஹேண்டில் பார், முழுச் செயின் கவர், மட்கார்டு, கனமான கேரியர். எடை 20 கிலோ வரைக்கும் போகும். கியர் இருந்தா சக்கரத்தோட நடுவுல இருக்கிற ஹப்புக்குள்ளயே மூணோ ஏழோ, மழை படாது. ஷாக் வச்ச மலை சைக்கிளை ஆபீஸ் ஸ்டாண்டுல தேடித்தான் பார்க்கணும். இருட்டினா முன்னாடி வெள்ளை அல்லது மஞ்சள், பின்னாடி சிவப்பு லைட் சட்டப்படி வேணும், இல்லேன்னா அபராதம்.

இங்க சைக்கிள் திருட்டு அதிகம். பின் சக்கரத்தைப் பிடிச்சுக்கிற வளையப் பூட்டு வண்டியோடயே இருக்கும். அது போதாது, தூக்கிட்டுப் போயிடுவாங்க. கனமான சங்கிலி ஒண்ணை வாங்கி, பழைய வண்டியை அசையாத கம்பியோட சேர்த்துப் பூட்டணும். சங்கிலியை முன் சக்கரத்துல மட்டும் கோத்தா சக்கரம் மட்டும்தான் மிஞ்சும். பாடி, சக்கரம், கம்பி மூணையும் சேர்த்துக் கோக்கணும்.

காவிரிக்கரை (ஸ்ரீரங்கம்)

எல்லாருக்கும் நன்றி. மருமகன் இதையெல்லாம் படிச்சுட்டு, "அப்ப ஒத்தைக் கியர் சாதா வண்டியில 20 பல்லு போட்டுக்கிறேன், ஆனா கறுப்புக் கலர்தான் வேணும்"ங்கறான். அந்த அளவுக்கு நானும் இறங்கி வந்துட்டேன். ரிப்பேர்க்கடை அண்ணே, வாங்கினதுக்கு அப்புறம் எப்பெப்ப என்ன பார்க்கணும்?

ரிப்பேர்க்கடை (கும்பகோணம்)

புது வண்டி எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒரு மாசம் ஓடினதும் கடைக்குக் கொண்டு போங்க. ஸ்போக்ஸ் இழுத்து உக்கார்ந்து தளர்ந்திருக்கும், பெண்டு எடுக்கணும். பெடல் கட்டையைப் பிடிச்சிருக்கிற கோட்டர் பின், ஹேண்டில் நட்டு எல்லாம் ஒரு தடவை இறுக்கணும். வீட்ல பெடலைக் கழட்டிப் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு, இடது பெடல் மரை தலைகீழ். எல்லா நட்டும் மாதிரி இடப்பக்கம் திருப்பினா இன்னும் இறுகும்.

ஓவராயிலுக்குக் கார்த்திகை மழை முடிஞ்சதும் வாங்க. ஹப்பைப் பிரிச்சு, பால்ஸை மண்ணெண்ணெய்த் தட்டுல கொட்டிக் கழுவி, புதுக் கிரீஸ். சாதா வண்டியில பக்கத்துக்கு முன்னாடி 10, பின்னாடி 9 பால்ஸ் வரும். ஒண்ணு ரெண்டு பொரிஞ்சிருந்தா அதை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க, மொத்தமும் மாத்தணும். பழசும் புதுசும் கலந்தா புதுசு மேலயே கனம் ஏறி அது சீக்கிரம் போயிடும். மாட்டினதும் சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சு லேசாத் தட்டுங்க. முன்னும் பின்னும் ஆடி, வால்வு இருக்கிற பக்கம் தானாக் கீழ வந்து நிக்கணும். நடுவுல எங்கயாவது மக்கர் பண்ணி நின்னா பால்ஸை அமுக்கிப் பிடிக்கிற கோன் இறுக்கமா இருக்குன்னு சொல்லித் திரும்பக் குடுங்க, கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கினாலும் பரவாயில்ல.

செயினுக்குப் பையன்கிட்ட இருக்கிற பள்ளிக்கூட ஸ்கேலே போதும், 12 இன்ச் ஸ்கேல். ஒரு பின்னோட நடுவுல சைபரை வச்சா 12-ல இன்னொரு பின்னோட நடு சரியா வரணும். 1/16 இன்ச் தள்ளிப் போயிருந்தா செயின் மாத்துங்க. 1/8 தள்ளிப் போற வரைக்கும் ஓட்டினா ஃப்ரீவீல் பல்லும் தேஞ்சிருக்கும், ரெண்டையும் சேர்த்து வாங்க வேண்டியதுதான். ஸ்ரீரங்கத்துல 20 பல்லு கிடைக்கலேன்னா கும்பகோணம் வர்றப்ப கடைக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை மட்டும் மத்தியானத்தோட சாத்திடுவேன்.