நேட்டால் ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகள்: ஆளுக்கு ஒரு பதிவா, ஏட்டுக்கு ஒன்றா?

ஏடுதேடி:
சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். குடியேறிகள் பதிவேடு, தோட்டச் சம்பள ஏடுகள், புகார்க் கடிதக் கட்டுகள் எல்லாவற்றுக்கும் விவரப்பட்டியல் தயாரிக்க வேண்டும். ஒவ்வொரு ஆளையும் தனி உருப்படியாகக் காட்டலாமா? பெயர் எழுத்துகளைத் திருத்தலாமா?

பழஞ்சுவடி:
இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். விவரப்பட்டியல் வேறு, பெயரடைவு வேறு. முன்னது ஏடுகளைக் காட்டும், பின்னது ஏட்டிலுள்ள ஆட்களைக் காட்டும்.

விவரப்பட்டியலை ஐஎஸ்ஏடி(ஜி) என்ற சர்வதேச ஆவண விவரிப்பு முறைப்படி மேலிருந்து கீழே எழுதுங்கள்: முதலில் குடியேறிகள் பாதுகாவலர் அலுவலகத் தொகுதி, அதன்கீழ் வரிசை, பிறகு ஏடு. ஒவ்வொரு நிலையிலும் குறியீட்டு எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை ஆகிய ஆறும் கட்டாயம். பதிவேட்டுக்கு ஏடு மட்டத்தோடு நிறுத்தினால் போதும். புகார்க் கடிதங்களை மட்டும் ஒவ்வொன்றாக விவரியுங்கள். தொழிலாளியின் வாக்குமூலம் அங்கேதான் கிடைக்கும், உழைப்பை அதில் போடுங்கள்.

கட்டுகளை ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கும் ஆசை வரும், வேண்டாம். எந்தக் கடிதத்துக்கு எது பதில் என்பது அந்தப் பழைய அடுக்கில்தான் தெரியும். தாள் எண் பென்சிலில், முன்பக்க மேல் வலது மூலையில். வெற்றுத் தாளுக்கும் எண் போடுங்கள், இல்லையென்றால் தாள் காணாமல் போனாலும் தெரியாது.

கப்பல்எண்:
பெயரடைவுக்கு அடித்தளம் குடியேற்ற எண், அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் பதிவேட்டில் கொடுத்த எண். சம்பள ஏடு, இறப்புப் பதிவு, புகார் எல்லாவற்றையும் அதுதான் சேர்க்கும். ஊருக்குத் திரும்பி மறுபடி கப்பலேறியவர் இரண்டு எண்ணில் வரலாம். அவற்றை ஒன்றாக்காமல் இணைப்பாகக் காட்டுங்கள்.

பெயரைத் திருத்தவே கூடாது. ஏட்டில் உள்ளபடி ஒரு கட்டம், சீராக்கிய வடிவம் இன்னொரு கட்டம். மூன்சாமி, முன்சாமி இரண்டும் 'முனுசாமி' என்று தேடினால் வர வேண்டும். தந்தை பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போடாதீர்கள். இன்று தென்னாப்பிரிக்காவில் மூட்லி, கவெண்டர் என்ற குடும்பப்பெயரை வைத்துத் தேடுகிறவரின் முன்னோர் வெறும் பெயரோடுதான் பதிவாகியிருப்பார். முதலி, கவுண்டர் என்பது சாதிக் கட்டத்தில் கிடக்கும். அந்தக் கட்டத்திலுள்ள சொற்களை, இழிவானவை உட்பட, மேற்கோள் குறிக்குள் அப்படியே படியெடுங்கள். நீங்கள் எழுதும் தலைப்பில் அவை வர வேண்டாம்.

ஊருக்கும் இதே முறைதான். ஏட்டில் 'வட ஆற்காடு' என்றால் அதுவே இருக்கட்டும். அந்த மாவட்டம் 1989-இல் பிரிந்துவிட்டது, கிராமம் எது என்று உறுதியானால் மட்டும் இன்றைய மாவட்டத்தைத் தனிக் கட்டத்தில் சேருங்கள்.

நிரல்காரன்:
எக்செல் 1900-க்கு முந்தைய நாளைத் தேதியாக ஏற்காது. எல்லா நெடுவரிசையையும் தட்டச்சு தொடங்குமுன் 'உரை' வடிவத்துக்கு மாற்றி, 1860-11-16 என்று எழுதுங்கள். மாற்றாவிட்டால் 0042 என்ற எண் 42 ஆகும், குழந்தையின் வயதை 1/2 என்று அடித்தால் தேதியாக மாறிவிடும். வயதுக்கு ஆண்டு, மாதம் என இரண்டு கட்டம் வையுங்கள்.

பெரிய ஆபத்து 'மேற்படி' குறி. அதை அப்படியே விட்டு அகரவரிசைப்படுத்தினால் அது யாருடைய ஊரைக் குறிக்கிறது என்பதே போய்விடும். படியெடுக்கும்போதே விரித்து எழுதி, [மேற்படி] என்று பக்கத்தில் காட்டுங்கள். பக்கத்தின் முதல் வரியிலேயே அந்தக் குறி இருந்தால் முந்தைய தாளைப் பார்க்காமல் நிரப்பாதீர்கள், நடுவில் ஒரு தாள் கிழிந்திருக்கலாம்.

ஏடுதேடி:
மிக்க நன்றி. ஓரத்தில் பின்னாளில் வேறு மையில் எழுதிய 'இறந்தார்', 'ஊர் திரும்பினார்' குறிப்புகளை எங்கே வைப்பது?

கப்பல்எண்:
தனிக் கட்டத்தில். குறிப்பின் நாள், மையின் நிறம் இரண்டையும் சேருங்கள். நாள் இல்லையென்றால் காலியாக விடுங்கள், கப்பல் வந்த நாளை அங்கே இழுத்துப் போட்டுவிடாதீர்கள்.