மூன்று வயதுப் பையன் சேர்ந்து விளையாட மாட்டேன் என்கிறான், பரவாயில்லையா?

சாட்ஸ்வொர்த் அம்மா:
தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு இப்போதுதான் மூன்று முடிந்தது. க்ரெச்சில் மற்ற பிள்ளைகள் பக்கத்தில்தான் உட்கார்கிறான், ஆனால் அவன் காரை அவன் உருட்டுகிறான், அவர்கள் காரை அவர்கள், பேச்சுவார்த்தையே கிடையாது. நாத்தனாரோ, கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு) போவதற்குள் எழுதப் பழக்கு, விளையாட்டில் என்ன கிடைக்கப்போகிறது என்று ஒரு கட்டு ஒர்க்‌ஷீட் வாங்கித் தந்துவிட்டார். தொடங்கவா?

மணல்வீடு:
வேண்டாம் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடுவதும் ஒரு படிதான், மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932-லேயே இதை வகைப்படுத்திவிட்டார்: முதலில் தனியாக, அப்புறம் வேடிக்கை பார்ப்பது, அப்புறம் பக்கத்தில் இருந்து, பிறகுதான் சேர்ந்து. பக்கத்துப் பிள்ளை லாரியில் மணல் ஏற்றினால் கொஞ்ச நேரத்தில் உங்கள் பையனும் ஏற்றுகிறானா என்று கவனியுங்கள். ஏற்றினால் அவன் அவர்களோடுதான் இருக்கிறான். எழுதுவதற்கு முதலில் விரலில் பலம் வேண்டும், ரொட்டி மாவில் ஒரு உருண்டை கொடுத்தால் பிசைந்து பிசைந்தே அது வந்துவிடும்.

பீனிக்ஸ் தாத்தா:
அஞ்சாங்கல் சொல்லிக்கொடுங்கள் அம்மா. இங்கே டிகெட்டோ என்று விளையாடுகிறார்களே, ஏறக்குறைய அதேதான். டிகெட்டோவில் ஒரு சின்னக் குழியில் கற்களைப் போட்டு, ஒரு கல்லை மேலே எறிந்து அது விழுவதற்குள் குழியில் இருப்பதை வாரி வெளியே எடுத்து, அடுத்த எறிதலில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மீதியை உள்ளே தள்ள வேண்டும். கண், கை, கணக்கு மூன்றும் ஒரே நேரத்தில் ஓடும்.

மணல்வீடு:
தாத்தா, மூன்று வயதுக்குக் கல்லா! வாயில் போட்டுக்கொள்வான். ஆறு ஏழு வயதாகட்டும்.

உம்லாஸ் வாசி:
என் ஓட்டு கடை விளையாட்டுக்கு. கடைக்காரன் தன் மிட்டாயைத் தானே தின்றால் வியாபாரம் நடக்காது இல்லையா, ஆசையை அடக்க அங்கேதான் பிள்ளை பழகுகிறது. ரஷ்யாவின் உளவியலாளர் வைகோட்ஸ்கி சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், பாசாங்கு விளையாட்டுக்குள்ளும் விதி இருக்கிறது, அதற்குப் பிள்ளை தானே கட்டுப்படுகிறது என்று. நீங்கள் வாடிக்கையாளராகப் போய் நில்லுங்கள், பேச்சும் வரும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, வார்த்தைகளும் குறைவு என்றால் காத்திருக்காதீர்கள், பிள்ளையின் தடுப்பூசியும் வளர்ச்சியும் பதிகிற ரோடு டு ஹெல்த் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளினிக் நர்ஸைப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் அம்மா:
கூப்பிட்டால் ஓடி வருகிறான், வீட்டில் வாய் ஓயாது. சரி, நாத்தனாருக்கு என்ன பதில் சொல்ல?

மணல்வீடு:
ஒர்க்‌ஷீட்டுக்குப் பின்பக்கம் காலியாகத்தானே இருக்கும்? கிரேயானோடு கொடுத்து, கிறுக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். கேட்டால் தினமும் எழுதுகிறான் என்று சொல்லலாம்.