ஈரச் செம்மண்ணில் முன் டயர் வழுக்குது, காற்று எவ்வளவு வைப்பது?

அண்ணன்மார்களே, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துப் பாதைகளில் மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். அக்டோபரில் சாயங்கால மழை பிடித்ததிலிருந்து மூன்று தடவை விழுந்துவிட்டேன். மூன்றும் ஒரே மாதிரி: இறக்கத்தில் லேசாகத் திரும்பும்போது முன் சக்கரம் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போகிறது. நேற்று விழுந்தது செம்பனை மட்டைக் குவியல் மேல். முள் இன்னும் முழங்கையில் இருக்கிறது.

ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), சக்கரம் 29 இஞ்ச், டயர் அகலம் 2.25 இஞ்ச், டியூப்லெஸ் (உள்ளே டியூப் கிடையாது), ரிம் உள் அகலம் 25 மில்லிமீட்டர். என் எடை 84 கிலோ. வெயில் நாளில் காற்றழுத்தம் முன்னால் 26, பின்னால் 28 பி.எஸ்.ஐ., ஒரு குறையும் இல்லை.

மழைக்கு முதலில் 23, 25 ஆக்கினேன். வேர்கள் மேல் பிடிப்பு நன்றாகவே கூடியது. 20, 22க்கு இறக்கியதும் பழைய கித்தா (ரப்பர்) மரத்து வேரில் பின் ரிம் டங்கென்று இடித்தது, முன் டயர் ஓரத்தில் சீலண்ட் (ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம்) கசிந்தது. களிமண்ணில் மட்டும் எந்த அளவிலும் மாற்றமில்லை. டயரில் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே மண் அப்பி வழவழவென்று ஆகிவிடுகிறது. எல்லாம் டிஜிட்டல் கேஜில் அளந்ததுதான். பம்ப் மீட்டர் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டுவதால் அதை நம்புவதில்லை. கடைக்காரரோ காற்றைக் கூட்டச் சொல்கிறார், எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் எடைக்கு முன்னால் இடைப்பட்ட 22இல் நிறுத்திப் பழகுவதா, இல்லை கட்டைகள் உயரமாகவும் இடைவெளி அதிகமாகவும் உள்ள முன் டயருக்கு மாறுவதா?