பவளத் தொட்டிக்கு எந்த உப்பு? கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. சென்னையில் 200 லிட்டர் பவளத் தொட்டி வைத்திருக்கிறேன், ஒன்றரை வருடமாகிறது. மென்பவளங்கள் நன்றாகவே இருக்கின்றன. கிளை கிளையாக வளரும் கடினப் பவளமான அக்ரோபோராதான் கவலை. மூன்று வாரமாக அதன் கிளை நுனிகள் வெளுத்து, நேற்று ஒரு நுனியில் தசை உரிந்து வெள்ளை எலும்பே தெரிந்தது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

உப்படர்த்தி 35, கால்சியம் 430, மெக்னீசியம் 1320, வெப்பநிலை 26. இவை அசையவில்லை. ஆல்கலினிட்டிதான் (நீரில் உள்ள கார்பனேட் அளவு, டி.கே.எச். அதன் அலகு) ஆடுகிறது. சனிக்கிழமை 7.2 டி.கே.எச். இருக்கும், ஞாயிறு 50 லிட்டர் தண்ணீர் மாற்றியதும் 8.4 ஆகிவிடும். நான் கலக்கும் உப்பே 12 காட்டுகிறது. நைட்ரேட் 2-க்கும் கீழே, பாஸ்பேட் ஏறக்குறைய பூஜ்யம். சத்து குறைந்த நீரில் ஆல்கலினிட்டி ஏறினால் நுனி கருகும் என்பார்களே, அதுதானா இது?

இன்னொன்று. தாதுக்கள் நீக்கி வடிகட்டிய ஆர்.ஓ. டி.ஐ. தண்ணீரில்தான் உப்பைக் கலக்குகிறேன், டி.டி.எஸ். (கரைந்த திடப்பொருள் அளவு) பூஜ்யம். ஆனாலும் ஒரு ராத்திரி விட்டால் வாளி அடியில் மாவு மாதிரி வெள்ளைப் படிவு, ஹீட்டர் மேலும் ஒட்டுகிறது. கடற்காற்றில் உப்பு கட்டி தட்டிப்போனது காரணமாக இருக்குமோ? வாளி மூடியைச் சரியாக அழுத்தாமல் விட்டது என் தவறு.

8 டி.கே.எச். அளவில் கலக்கும் உப்புக்கு, ரெட் சீ நிறுவனத்தின் நீல வாளி உப்பு மாதிரி ஒன்றுக்கு, மாறலாம் என்று நினைக்கிறேன். ஒரேயடியாக மாற்றலாமா, பழையதோடு கலந்து மெதுவாகவா? ஆல்கலினிட்டியின் தினசரிக் குறைவுக்குச் சுண்ணாம்பு நீர் போதுமா, கரைசலைத் தானாக அளந்து விடும் டோசிங் பம்ப் வாங்கியே ஆக வேண்டுமா? அக்ரோபோரா வளர்ப்பவர்கள் உங்கள் அளவுகளோடு சொன்னால் பெரிய உதவி. அதுவரை இந்த ஞாயிறு 20 லிட்டர் மட்டும் மாற்றப் போகிறேன்.