பயிற்சிப் பட்டறையில் கற்றதில் வகுப்பறை வரை கூட வந்தது எது? கடலூர், புதுச்சேரிப் பக்கத்து அனுபவங்கள்

கெடிலக்கரை டீச்சர் (கடலூர்)

பி.எட். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்கு வந்துவிட்டார்கள். நான் வேலை பார்க்கும் நடுநிலைப்பள்ளிக்கும் சிலர் வந்திருக்கிறார்கள். கல்லூரியில் என்னென்ன பட்டறை நடந்தது என்று கேட்டேன். ஸ்மார்ட் போர்டு, மன அழுத்தம், ஆளுமை வளர்ச்சி, புதிய கல்விக் கொள்கை என்று நீளமாகச் சொன்னார்கள். அதில் எதை இங்கே வகுப்பில் எடுத்துச் செய்தீர்கள் என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. அருமையான பிள்ளைகள், உழைக்கத் தயங்காதவர்கள். அவர்களுக்குக் கொடுத்ததில்தான் ஏதோ குறைகிறது என்று படுகிறது. அதனால்தான் இந்த இழை. உங்களுக்கு நடந்த பட்டறைகளில் வகுப்புவரை கூட வந்தது எது என்று எழுதுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி படித்தபோது நெய்வேலியில் ஒரு கணக்குப் பட்டறை. கருத்தாளர் அம்மா வந்ததும் ஆளுக்கொரு கட்டு நகல் கொடுத்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கழித்தல் தாள்கள், திருத்தாமல் அப்படியே. "மதிப்பெண் போடாதீங்க. இந்தப் பிள்ளை என்ன நினைச்சு இதை எழுதிச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார்.

40 கழித்தல் 17. விடை 23. ஒரு தாளில் 37 இருந்தது. இன்னொன்றில் 30. மற்றொன்றில் 24. திருத்துகிறவருக்கு மூன்றுமே தப்பு, மூன்று சிவப்புக் கோடு. ஆனால் 37 எழுதிய பிள்ளை எந்த இலக்கம் பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது. 7-இல் 0 போனால் 7, 4-இல் 1 போனால் 3. அதே பிள்ளை 52 கழித்தல் 27-க்கு 35 எழுதியிருந்தது. அங்கேயும் அதே விதிதான். 30 எழுதிய பிள்ளை, ஒன்றுமே இல்லாததிலிருந்து எதை எடுப்பது என்று 0 போட்டிருக்கிறது. 24 எழுதிய பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். விரல்விட்டு எண்ணும்போது 40-ஐயே முதல் எண்ணாக எண்ணிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த மூன்று பேருக்கும் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று ஒரே பாட்டைப் பாடி என்ன பயன்? முதல் இரண்டு பேருக்கும் ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்து, ஒரு கட்டைப் பிரிக்காமல் 7 குச்சி எடுக்க முடியாது என்று கையால் உணர வைக்க வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு எண்கோட்டில் தாவிக் காட்டினால் போதும். அன்று மாலை வரை அந்தத் தாள்களைத்தான் படித்தோம். 2022-இல் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பார்க்கச் சொன்னபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. இன்றைக்கும் நோட்டுத் திருத்தும்போது அந்தக் கேள்விதான் மனசில் ஓடும்.

வில்லியனூர்ப் பெண் (புதுச்சேரி)

அக்கா, படிக்கப் படிக்க எனக்குக் கல்லூரியில் சின்னச் சின்னப் பாடமாக எடுத்துப் பழகிய மைக்ரோ டீச்சிங் ஞாபகம் வந்துவிட்டது. ஆறு நிமிடம் கற்பிக்கணும், ஆறு நிமிடம் பின்னூட்டம், பன்னிரண்டு நிமிடம் மறுதிட்டம், திரும்ப ஆறு, திரும்ப ஆறு. மொத்தம் 36 நிமிடச் சுற்று. தொடங்குதல் திறன், வலுவூட்டுதல் திறன், கிளர்வினாத் திறன் (தோண்டித் தோண்டிக் கேட்பது) என்று ஒவ்வொன்றாகச் செய்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் நின்று பேசும் பயம் அதில்தான் போனது. ஆனால் எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருந்தது என் தோழிகள். "செடிக்குச் சாப்பாடு எப்படிக் கிடைக்கிறது?" என்று கேட்டால் தாவரவியல் முதுகலை முடித்தவள் கையைத் தூக்கி "ஒளிச்சேர்க்கை" என்பாள். பாடம் வழுக்கிக்கொண்டு போகும்.

கற்பித்தல் பயிற்சி பாகூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில். புதுச்சேரியில் 2023-24 முதல் உயர்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ.க்கு மாறியது உங்களுக்கெல்லாம் தெரியும். பிள்ளைகள் ஆங்கிலப் பத்தியைச் சத்தமாக, தடங்கலில்லாமல் வாசித்தார்கள். என்ன புரிந்தது என்று தமிழில் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

எனக்குக் கைகொடுத்தது அதற்கு முன்னால் லாஸ்பேட்டையில் போன ஒரு பட்டறை. அங்கே சொல்லிக் கொடுத்தது இதுதான்: புத்தகத்தைத் திறக்காதே. முதலில் அந்தப் பொருளைப் பற்றிப் பிள்ளைகளைத் தமிழில் பேச விடு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே கரும்பலகையில் எழுது, பிறகு ஆங்கிலச் சொல்லை அதன் பக்கத்தில் வை, கடைசியில் புத்தகம். அப்படிச் செய்தேன். பாகூர் நெல் விளையும் ஊர். "நாத்துக்கு மண்ணுதான் மிஸ் சாப்பாடு, எரு போட்டா நல்லாச் சாப்பிடும்" என்று ஒரு பையன் ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் ஒத்துக்கொண்டது. ஒளிச்சேர்க்கை என்ற சொல் அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லுக்கு அடியில் மண்ணைத் தின்னும் செடிதான் இருந்தது.

பட்டறையில் வான் ஹெல்மாண்ட் என்ற அறிவியலாளரின் சோதனையைச் சொல்லியிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் ஒரு தொட்டியில் வில்லோ மரக்கன்றை வைத்து ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் விட்டார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியது. மண்ணோ 60 கிராம்கூடக் குறையவில்லை. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சத்தம். "அப்ப அந்த எடை எங்கேருந்து மிஸ் வந்துச்சு?" தண்ணீரிலிருந்து என்றுதான் அவரும் நினைத்தார், காற்றைக் கணக்கில் எடுக்கவில்லை என்றேன். அதன்பிறகு அந்த ஆங்கிலப் பத்தியை அவர்களே தேடிப் படித்தார்கள். எரு எதற்கு என்ற கேள்வியும் வந்தது. அதற்குத் தனியாக ஒரு வகுப்பே எடுக்க வேண்டியதாயிற்று.

பண்ருட்டிக்காரன்

நான் போனவற்றில் பெரும்பாலானவை இப்படி: காலையில் கையெழுத்து, குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை முடியப் பதினொன்றரை. பிறகு ஒருவர் திரையில் இருப்பதை வரி விடாமல் வாசிப்பார். தலைப்பு "மாணவர் மையக் கற்பித்தல்". நாள் முழுக்க நாங்கள் வாயைத் திறக்கவில்லை. மதியம் சாப்பாடு, குழுப் படம், சான்றிதழ். அந்தச் சான்றிதழ்கள் ஃபைலில் இருக்கின்றன. அதற்காக வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. ஒரு நாள் என்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர் (விருத்தாசலம்)

தம்பி சொல்வது உண்மை. ஆனால் அதைவிட நுட்பமான ஒரு குறை உண்டு, நல்ல பட்டறைகளிலும் அது இருக்கும். வில்லியனூர்ப் பெண் அதைத் தொட்டுவிட்டது.

செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் மாநிலம் முழுவதும் வந்தது. ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் உருவான அட்டை முறைதான் அதற்கு வேர். பாய், அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. நான் அப்போது வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். பயிற்சியில் ஆசிரியர்களையே பிள்ளைகளாக உட்கார வைப்போம். எல்லாரும் அட்டையை எடுப்பார்கள், சின்னத்தைப் பார்ப்பார்கள், சரியான குழுவுக்கு நகர்வார்கள். ஒரு மணி நேரத்தில் ஏணியே ஏறி முடித்துவிடுவார்கள். எல்லாருக்கும் திருப்தி. மறுநாள் பள்ளிக்குப் போனால் ஒரு பிள்ளை பாயை விட்டு எழுந்திருக்காது. ஒன்று பக்கத்துப் பிள்ளையின் அட்டையைத்தான் கேட்கும். ஒன்று பல நாளாக ஒரே படியில் நிற்கும். ஏன் நிற்கிறது என்று பார்க்க ஆசிரியருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. பெரியவர்கள் பிள்ளையாக நடித்தால் பிள்ளையின் தப்பு அங்கே வராது. வராத தப்பை எப்படிப் படிப்பது?

அதனால் பிறகு நான் பொறுப்பேற்ற பயிற்சிகளைப் பள்ளியிலேயே வைக்கக் கேட்டேன். முற்பகல் பிள்ளைகளோடு, பிற்பகல் நாங்கள் மட்டும் பேச்சு. கவனிக்க வேண்டியவை சில. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்புவார்கள். வேண்டாம், வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை அப்படியே அனுப்புங்கள் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளையைச் சுற்றி இருபது பேர் நிற்கக் கூடாது, அது மிரண்டுவிடும். மூன்று பேர் போதும். அதில் ஒருவர் பேசட்டும், ஒருவர் எழுதட்டும், ஒருவர் வெறுமனே பார்க்கட்டும். பிள்ளையின் காது கேட்க அதன் தப்பைப் பற்றிப் பேசவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முதுநகர் மாணவி

நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால் சின்னதாக.

அறிவியல் பட்டறைக்கு வருமுன் ஒரு வேலை கொடுத்தார்கள்: உங்கள் தெருப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதிக்கொண்டு வாருங்கள். எங்கள் தெருவில் மீன்பிடிக்கப் போகும் குடும்பங்கள்தான் அதிகம். ஒரு பொண்ணு கேட்டது: "கடல் தண்ணியிலேருந்துதானக்கா மழை வருது, மழை ஏன் உப்பு கரிக்கல?"

ஆவியாகும்போது உப்பு தங்கிவிடும் என்று நாங்கள் எல்லாரும் ஒரே வரியில் முடிக்கப் பார்த்தோம். கருத்தாளர் விடவில்லை. "அந்தப் பொண்ணு கையால செஞ்சு பாக்குறதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றார். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அதே அளவில் நல்ல தண்ணீரில் சமையல் உப்பைக் கரைத்தோம். கொஞ்சத்தைக் கறுப்புத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தோம். மீதியைச் சூடாக்கி மேலே சில்வர் மூடியைப் பிடித்து, மூடியில் திரண்ட சொட்டுகள் ஆறியதும் நாக்கில் வைத்துப் பார்த்தோம், உப்பே இல்லை. (ருசி பார்ப்பதற்கு வீட்டில் கரைத்த உப்புத் தண்ணீர் மட்டும்தான். துறைமுகப் பக்கத்துத் தண்ணீரை வாயில் வைக்க விடாதீர்கள்.)

இதையே கற்பித்தல் பயிற்சியில் செய்தபோது தட்டில் வெள்ளையாகப் படிந்ததைப் பார்த்து ஒருவன், "எங்க ஆயா கருவாடு காயப்போடுற பாய்ல இப்படித்தான் பூத்திருக்கும்" என்றான். அடுத்தவன், "அப்ப கடல் வருஷா வருஷம் இன்னும் கரிச்சுக்கிட்டே போவுமா?" அந்தக் கேள்வி பட்டறையிலும் வந்திருந்தது, அதனால் தடுமாறவில்லை. ஆறுகள் உப்பைக் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருந்தாலும், கடல் அடியில் படிந்து அதில் ஒரு பகுதி வெளியேறிக்கொண்டும் இருக்கிறது என்று பேசினோம். கெடிலமும் உப்பைக் கொண்டுவருதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன், யாருமே நம்பவில்லை.

நெல்லிக்குப்பம் நண்பர்

எல்லாம் சரி. ஆனால் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணாமல் வேலை இல்லையே. மொத்தம் 150 கேள்வி. கோச்சிங்குக்கே நேரம் போதவில்லை, இதில் பிள்ளையின் தப்பை எங்கே உட்கார்ந்து படிப்பது?

கெடிலக்கரை டீச்சர்

தம்பி, உங்கள் கவலை புரிகிறது. வீட்டில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த 150-இல் 30 கேள்வி குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறைகளும்தானே? குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துச் சொன்ன பியாஜேயைப் பெயரும் பருவமுமாக மனப்பாடம் செய்வதைவிட, ஒரு பிள்ளை தவறாகச் சிந்திப்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் அந்தப் பகுதி தானாகப் புரியும். தேர்வுக்குப் பிறகு முப்பது வருடம் வகுப்பில் நிற்கப் போகிறீர்கள், அதையும் நினைத்துப் பாருங்கள்.

பயிற்றுநர் ஐயா, மூன்று பேர் முறையை எங்கள் பள்ளிக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம் இந்த வாரமே சொல்லிவிட்டேன்.

வில்லியனூர்ப் பெண்

ஒரு சந்தேகம் அக்கா. எங்கள் கல்லூரி ஜூனியர்களுக்கு அடுத்த மாதம் பட்டறை. கருத்தாளர் ஏற்கெனவே முடிவாகிவிட்டார், தலைப்பும் முடிவாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவர வழியில்லை. என்ன கேட்கலாம்?

கெடிலக்கரை டீச்சர்

தலைப்பை மாற்றச் சொல்லாதே, நடக்காது. ஒன்றரை மணி நேரம் மட்டும் கேள். அந்தத் தலைப்புக்கு ஏற்ற பிள்ளைகளின் நோட்டுப் பக்கங்களையோ அவர்கள் பேசியதைப் பதிவு செய்த துண்டையோ நாங்களே கொண்டுவருகிறோம், அதைப் பார்த்து நீங்கள் விளக்குங்கள் என்று கருத்தாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடு. நல்ல கருத்தாளர் என்றால் சந்தோஷப்படுவார். பதிவு என்றால் தலைமையாசிரியரிடமும் வீட்டிலும் அனுமதி வாங்கிவிடு. நகல் எடுக்கும்போது பிள்ளையின் பெயரையும் பள்ளிப் பெயரையும் மறைத்துவிடு. வகுப்பும் மாதமும் மட்டும் இருக்கட்டும், அது தெரியாமல் தப்பைப் படிக்க முடியாது.

கழித்தலிலும் பின்னத்திலும் என்னிடம் அப்படிப் பெயர் மறைத்த தாள்கள் நிறைய இருக்கின்றன. நாலு மூன்றைவிடப் பெரியது, அதனால் கால் பங்கு மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது என்று எழுதிய தாள்கள் மட்டுமே ஒரு கட்டு. கணக்குப் பட்டறை வைப்பவர்கள் தனி மடலில் கேளுங்கள். மஞ்சக்குப்பத்தில் சனிக்கிழமைகளில் வாங்கிக்கொள்ளலாம், புதுச்சேரிக்காரர்களுக்கு ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். தமிழ் வாசிப்பில் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு குழப்பம் உள்ள தாள்கள் யாரிடமாவது இருந்தால் எனக்கும் வேண்டும்.