ஐயர் வீட்டு விஷயம்: உங்களை இன்னும் விடாத ஒன்று இருந்தால் எழுதுங்கள்

மஞ்சக்குப்பத்தான்

தானே புயல் கடலூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், நேராக வருகிறேன். ஐயர் என்றால் எங்கள் லுத்தரன் சபையில் போதகர். பூணூல் ஐயரை நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

2011 டிசம்பர் 29 ராத்திரி. கெடிலம் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்கள் அறுபது பேருக்கு மேல் எங்கள் சபைக் கோயிலுக்குள் வந்துவிட்டார்கள். நான் அப்போது பத்தாவது. ஐயர் விடிய விடிய உட்காரவில்லை. தாழ்ப்பாள் பிய்ந்த மேற்கு ஜன்னலை முதுகால் அணைத்துக்கொண்டு நின்றார். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. உள்ளே ஐயரம்மாவும் இரண்டு பிள்ளைகளும். அப்பா ரெண்டு முறை, "ஐயா, வீட்டை ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க" என்றார். பதில் இல்லை.

காலையில் காற்று கொஞ்சம் அடங்கியதும் அப்பா என்னை அனுப்பினார். தெருவில் வேப்பமரம் குறுக்கே கிடந்தது, கிளைக்குள் நுழைந்து போனேன். வீட்டில் பாதி ஓடு இல்லை. பிள்ளைகள் இரும்புக் கட்டிலுக்கு அடியில். ஐயரம்மா கட்டிலுக்கு முன்னால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகள், அரிசிக் கோணியில் சுற்றி. என்னைப் பார்த்ததும் கேட்டார்: "அவர் வர்றாருன்னு சொல்ல வந்தியா, வரலன்னு சொல்ல வந்தியா?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "ஐயா ராத்திரி பூரா உங்களையேதான் கேட்டுட்டு இருந்தாரும்மா" என்றேன். பொய். அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். 31ஆம் தேதி நடுராத்திரி ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவத்திதான். சாட்சி சொல்லும் நேரத்தில், கர்த்தர் தனக்குச் செய்ததை அவரவர் எழுந்து சொல்வார்களே, அப்போது ஐயரம்மா எழுந்தார். "புயல்ல நாங்க தனியா இருந்தோம். ஆனா என் வீட்டுக்காரர் ராத்திரி பூரா எங்களையே கேட்டுட்டு இருந்தாராம். அதுக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." அங்கியோடு பீடத்துக்குப் பக்கத்தில் நின்ற ஐயர் முதலில் அவரைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தார். அப்புறம் கீழே பார்த்தார்.

அதைப் பற்றி என்னிடம் கடைசி வரை பேசவில்லை. ஐயர் இறந்து நாலு வருடம் ஆகிறது. ஐயரம்மா இப்போது புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மகனோடு. போன கிறிஸ்துமஸுக்குப் போனில் வாழ்த்துச் சொன்னேன். மறுபடியும் அதே கதையைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா?

போதகர் வீட்டுப் பெண்

நானும் ஐயர் வீட்டுப் பிள்ளைதான், உங்கள் ஐயர் இல்லை. பத்து வருடத்தில் நாலு பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸுக்குப் பட்டுப்பாவாடை கட்டினால் "காணிக்கை நல்லா வருது போல" என்பார்கள், பழசைக் கட்டினால் "ஐயர் வீட்டுப் பொண்ணு இப்படியா" என்பார்கள். அதெல்லாம் எல்லோரும் எழுதியதுதான், விடுங்கள்.

எனக்கு நிற்பது ஒரு தட்டு. அப்பா சாப்பிட உட்கார்ந்தால் அம்மா இரண்டு தட்டு எடுத்து வருவார். ஒன்றில் சோறு. இன்னொன்று காலி, பக்கத்தில் இருக்கும். நடுவில் எவராவது "ஸ்தோத்திரம் ஐயா" என்று வாசலில் நிற்பார்கள். அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுவார், அம்மா காலித் தட்டைக் கவிழ்த்து மூடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் குழம்பு, அபூர்வமாக. இரண்டு வாய்தான் வைத்தார். சாயந்தரம் நாலு மணிக்கு வந்து அந்த ஆறிய சோற்றையே சாப்பிட்டார். மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் கோபத்தில் தொடவில்லை, பூனை தின்றது.

கல்யாணமாகி முதல் மாதம் என் வீட்டுக்காரர் கேட்டார், "எதுக்கு எனக்கு ரெண்டு தட்டு வைக்கிற?" அவர் வங்கியில் வேலை. யாரும் வாசலுக்கு வருவதில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: சொல்லாதீர்கள்.

சோனாங்குப்பம்

நான் கிறிஸ்தவன் இல்லை. சுனாமி அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்துப் பக்கம் கீற்றுக் கொட்டகையில் சபை நடத்திய பாஸ்டர் ஒருவர், டிவிஎஸ் 50 வைத்திருப்பார். அலை வந்து போன பிறகு அதில் ஆட்களை ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கும் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தார். ஜெபம் கிபம் ஒன்றும் இல்லை. காணாமல் போனவர்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார், பேப்பர் கிடைக்காமல் சபைக் காணிக்கை உறைகளின் மேல். என் தங்கச்சி பெயர் வள்ளி. அவர் "வல்லி" என்று எழுதினார். திருத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்து தப்பாக இருந்ததால்தான் கிடைக்கவில்லையோ என்று பைத்தியக்காரத்தனமாக ரொம்ப நாள் நினைத்தேன்.

அவர் பையன் அன்றைக்கு மத்தியானம் வரை எங்கே இருந்தான் என்று அவருக்கே தெரியாது. மூன்று மணிக்கு யாரோ கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பையன் பத்திரமாக இருந்தான். அந்த முகத்தை நான் பார்த்தேன்.

வசனம் தப்பாது

மன்னிக்கவும், எல்லோரும் இதைத் தியாகம் என்று கொண்டாடுகிறீர்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம் படித்திருக்கிறீர்களா? சொந்தக் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்கிறார். ஓடு பறக்கும் வீட்டில் மனைவியை விட்டுவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவரை நான் நல்ல மேய்ப்பர் என்று சொல்ல மாட்டேன்.

பழைய ஊர்ப் பைத்தியம்

வசனம் தப்பாதுக்கு: நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் மறுபக்கமும் உண்டு. நம்ம கடலூரிலேயே இருந்த கீர்நாந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்வீடன்காரர். 1740ல் கடலூருக்கு மிஷனரியாக வந்தார். 1758ல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்ததும் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். அங்கே சொந்தப் பணத்தைக் கொட்டிக் கோயில் கட்டி 1770ல் திறந்தார். அந்தக் கோயில் இன்னும் இருக்கிறது. மகன் கட்டட வியாபாரத்தில் இறங்கிக் கடன்பட்டான், தகப்பன் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார். 1787ல் கோயிலே கடனுக்கு ஏலத்துக்கு வந்தது. சார்லஸ் கிராண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி பத்தாயிரம் ரூபாய் கொடுத்து மீட்டார். மகனுக்காக நின்றார், சபை தெருவுக்கு வரப் பார்த்தது. இதற்குப் பவுல் என்ன சொல்வார்?

வசனம் தப்பாது

பிள்ளைக்காகக் கடன் கையெழுத்துப் போடுவதும் குடும்பத்தை நடத்துவதும் ஒன்றா ஐயா? விவாதத்தைத் திருப்பாதீர்கள்.

கோரிமேடு நர்ஸ்

சண்டைக்கு நடுவில் ஒன்று. பெண்கள் வார்டில் ஒரு பாஸ்டரம்மா சேர்ந்திருந்தார், கர்ப்பப்பை ஆபரேஷன். பாஸ்டர் பார்வை நேரத்தில் வந்தால் வாசல் பக்கத்து முதல் கட்டிலில் ஆரம்பிப்பார். ஒவ்வொருவரிடமும் ஊர், பிள்ளைகள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, சம்மதித்தால் ஜெபம். அந்தம்மா கட்டிலுக்கு வரும்போது மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருக்கும். ஒரு நாள் அந்தம்மா தலையணையில் இருந்தபடியே சத்தமாகச் சொன்னார்: "ஏங்க, என் பெட்டு பதினாலு. மறந்துடாதீங்க." வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்

என் சித்தப்பா ஐயராக இருந்தார். ஓய்வு பெற்றதும் போதகர் இல்லத்தைக் காலி செய்து, புத்தகப் பெட்டிகளோடு எங்கள் திண்ணையில் மூன்று மாதம் இருந்தார். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் இதைப் படிக்கிற இளம் பாஸ்டர்கள் கவனியுங்கள். முதலாவது, இருக்கிற வீடு உங்கள் வீடு இல்லை. நாற்பது வயதுக்குள் எங்காவது ஒரு மனை பாருங்கள், குறிஞ்சிப்பாடி பக்கமானாலும் பரவாயில்லை. தனிச்சபை நடத்துகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. அஞ்சலகத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆரம்பியுங்கள், வருடம் 500 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும், 15 வருடம் கழித்து முதிரும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. புதுச்சேரி ஆட்கள் அங்கே தனியாக விசாரியுங்கள். சபை இடத்தை உங்கள் பெயரில் பதியாதீர்கள், உங்கள் இடத்தைச் சபை பெயரிலும் பதியாதீர்கள். காணிக்கையை எப்போதும் இரண்டு பேர் எண்ணட்டும், அதில் ஒருவர் உங்கள் மனைவியாக இருக்க வேண்டாம். திங்கட்கிழமை போனை அணைத்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் தூங்குங்கள். சர்க்கரை பாருங்கள். வீட்டுக்கு வீடு கொடுக்கும் காபியிலேயே பாதிப் பேருக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது.

போதகர் வீட்டுப் பெண்

கணக்கர் அண்ணா, அப்பாவுக்கு இதை முப்பது வருடம் முன்னால் யாராவது சொல்லியிருக்கலாம். கேட்டிருக்க மாட்டார், அது வேறு.

மஞ்சக்குப்பத்தான், இரண்டு நாளாக உங்கள் கதையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஏமாற்றியதாக நினைக்கிறீர்கள். அந்த அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும். வருகிறாரா வரவில்லையா என்று கேட்டவருக்கு, பத்தாவது படிக்கிற பையன் முகத்தைப் பார்த்து இதுகூடவா தெரியாது? தெரிந்துதான் சபை நடுவில் எழுந்து சொல்லியிருக்கிறார். அது சாட்சி இல்லை, ஐயருக்குப் போட்ட ஊசி. எங்கள் அம்மாவும் இதையே வேறு விதமாகச் செய்வார்.

வசனம் தப்பாது

சபையில் எழுந்து நின்று பொய்ச்சாட்சியா?

போதகர் வீட்டுப் பெண்

"இருந்தாராம்" என்றுதானே சொன்னார்.

மஞ்சக்குப்பத்தான்

இதை நான் யோசிக்கவே இல்லை. ஐயர் கீழே பார்த்ததற்கு வேறு அர்த்தம் வருகிறது. என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் பதினைந்து வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு முத்தியால்பேட்டைக்குக் கூப்பிடுகிறேன். என்ன பேசுவேன் என்று தெரியாது.

போதகர் வீட்டுப் பெண்

கூப்பிடுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு மட்டும் வேண்டாம், சாப்பிடுகிற நேரம்.