புதுப்பிப்பு: காற்று–எரிபொருள் மீட்டர் ஒருவழியாகச் சரியாகக் காட்டுகிறது

கார் இன்ஜினில் ஒரு பங்கு எரிபொருளோடு எடையில் எத்தனை பங்கு காற்று சேர்கிறது என்று புகையை வைத்துக் காட்டும் மீட்டர் ஒன்றை, கையில் எடுத்துப் போகிற மாதிரி கட்டியதைப் போன மாதம் எழுதியிருந்தேன். புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் பாஷ் எல்.எஸ்.யூ. 4.9 சென்சார், புகைக்குழாய் வாயில் செருகும் குழாய், சின்னத் திரை. ஐட்லிங்கில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) 17, 18 என்று கூடுதலாகக் காட்டுகிறதே, ஏன் என்றும் கேட்டிருந்தேன்.

கோளாறு இரண்டு. சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டரின் எர்த்தும் சிக்னல் எர்த்தும் ஒரே ஒயரில் போயிருந்தன. ஹீட்டர் கரண்ட் இழுக்கும்போதெல்லாம் சிக்னல் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி, எண்ணும் கூடவே ஏறியது. தனி ஒயர் இழுத்ததும் ஆட்டம் நின்றது.

அப்புறமும் 16-க்குக் கீழே இறங்கவில்லை. கோலாலம்பூர் செந்தூலில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, வெளிக்காத்து உள்ளே போகுது" என்றார். ஐட்லிங்கில் புகை விட்டு விட்டுத்தான் வரும். அந்த இடைவெளியில் காற்று நுழைந்துவிடுகிறது. குழாயை ஒன்றரை அடி உள்ளே தள்ளினேன். என் பழைய புரோட்டோன் சாகா 14.5-ல் வந்து நின்றது. பெட்ரோலுக்குச் சரிவிகிதம் (பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரியும் அளவு) 14.7 என்பதால் எனக்குத் திருப்திதான்.

ஹீட்டர் ஓடாமல் சென்சாரைப் புகையில் விடாதீர்கள், கரி படிந்து கெட்டுவிடும். என் முதல் சென்சார் அப்படித்தான் போனது. அதன் விலையை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.